கூடங்குளம் வெடித்து, குமரி பாலைவனமாகி… இந்த நாவல் நிற்குமா?

பனையடி | 3 ஜூன், காலை 7.10

நாவல் ஒன்று பாதியில் கிடக்கிறது. அணுப்போர் முடிந்து முப்பது வருஷம். ஆரல்வாய்மொழியிலிருந்து நீரோடி வரை, களம் முழுக்க குமரி மாவட்டம்தான். போர் நாளிலேயே கூடங்குளம் வெடிக்கிறது. மாவட்டம் பாலைவனம். மிச்ச சனம் முகமூடியோடு அலைகிறது. உதயகிரிக் கோட்டைக்குள் ஒரு கும்பல், புல்லட்டில் ரோந்து. முப்பந்தல் காற்றாலைகள் அவர்கள் பிடியில், அதனால் கரண்டும் அவர்கள் கையில். கதாநாயகி மணவாளக்குறிச்சிக்காரி, கையில் கதிர்வீச்சு அளக்கும் கருவி. இதில் எது நிற்காது? நடையைப் பற்றி வேண்டாம், விஷயம் மட்டும் சொல்லுங்கள்.

கதிர்மானி | 3 ஜூன், காலை 8.25

உதயகிரிக் கோட்டை நிற்கும். கருங்கல்.

கூடங்குளம் குண்டு மாதிரி வெடிக்காது. அந்த எரிபொருளில் யுரேனியம்-235 ஐந்து சதவீதத்தைத் தாண்டாது, குண்டுக்கு அது போதாது. ஆகக்கூடியது உருகுவதும் ஹைட்ரஜன் வெடிப்பதும்தான், 2011இல் ஃபுகுஷிமாவில் பார்த்த மாதிரி. அதுவும் முதல் நாளே வராது. கிரிட் (மின்தொகுப்பு) போனதும் கட்டுப்பாட்டுக் கழிகள் விழுந்து உலை நின்றுவிடும். பிரச்சினை மிச்ச வெப்பம். முதல் இரண்டு உலைகள் ஒவ்வொன்றும் ஆயிரம் மெகாவாட் மின்சாரம் தருபவை, வெப்பக் கணக்கில் மூவாயிரம். நிறுத்திய நொடியில் அதில் ஆறேழு சதவீதம் மிச்சம் இருக்கும், ஒரு நாள் கழித்து அரை சதவீதத்துக்குக் கிட்ட, அதாவது பதினைந்து மெகாவாட். அவசர ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தாலும் அந்த வெப்பத்தை இறக்குவதற்கென்றே கரண்ட் இல்லாமல் வெளிக்காற்றில் குளிரும் அமைப்பை அங்கே கட்டியிருக்கிறார்கள்.

ஆள் இல்லாமல் கிடந்தால் எரிந்த எரிபொருள் கிடக்கும் குளம்தான் வில்லன். தண்ணீர் சூடாகி ஆவியாகும், விட்டு நிரப்ப ஆள் வேண்டும். "போர் நாளிலேயே" என்பதை அடித்துவிட்டு, உள்ளே மாறி மாறித் தண்ணீர் விட்ட கடைசி ஷிப்ட் ஆட்களை வைத்து ஒரு அத்தியாயம் எழுதலாம். நேரே குண்டு விழுந்தால் கணக்கு வேறு, அது தனி நாவல்.

முப்பந்தல் காற்று | 3 ஜூன், காலை 9.02

காற்றாலையைப் பிடித்தால் கரண்ட் வராது. அங்கே நிற்கும் பழைய மெஷின்களில் பெரும்பாலும் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். அதன் காந்தப்புலத்துக்கே கிரிட்டிலிருந்துதான் கரண்ட் போக வேண்டும். கிரிட் செத்தால் இறக்கை நுனி பிரேக் விரியும், டிஸ்க் பிரேக் பிடிக்கும், மெஷின் நிற்கும். ஆடிக்காற்று அடித்தாலும் ஒரு பல்பு எரியாது. கெப்பாசிட்டர் கட்டி வோல்ட்டேஜை எழுப்பலாம், சின்ன மோட்டாரில் அது நடக்கும். 250 கிலோவாட் மெஷினில் லோடு கொஞ்சம் ஏறி இறங்கினால் வோல்ட்டேஜ் துள்ளி கெப்பாசிட்டரே போய்விடும். உங்கள் கும்பலுக்கு அங்கே கிடைப்பது செம்புக் கம்பி, கியர் ஆயில், இரும்பு. காயலான் கடை நடத்தலாம்.

புல்லட்டும் நிற்காது. எலெக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய பாயின்ட் செட் வண்டி, குண்டு வெடிக்கையில் கிளம்பும் மின்காந்த அலைக்குத் தப்பும், சரி. பெட்ரோல்? எத்தனால் கலந்தது ஈரத்தை இழுத்து, ஆறு மாதத்தில் கெட ஆரம்பிக்கும். முப்பதாவது வருஷம் சைக்கிள்தான். டயருக்கு மட்டும் பஞ்சமில்லை, குலசேகரம் பக்கம் முழுக்க ரப்பர்.

பனையடி | 3 ஜூன், இரவு 9.40

ஒரே நாளில் கரண்டும் வண்டியும் போச்சு. முகமூடியாவது மிஞ்சுமா?

கதிர்மானி | 3 ஜூன், இரவு 10.15

முதல் இரண்டு வாரத்துக்கு மிஞ்சும்.

குண்டுத் தூசிக்கு ஏழு-பத்து விதி உண்டு. நேரம் ஏழு மடங்கானால் வீரியம் பத்தில் ஒன்றாகும். முதல் மணியில் 100 என்றால் ஏழாம் மணியில் 10, இரண்டு நாளில் 1, இரண்டு வாரத்தில் 0.1. அதனால் முதல் இரண்டு நாள் எங்கே ஒளிந்தார்கள் என்பதுதான் உயிர். காமா கதிரைப் பாதியாக்க இறுகிய மண் ஒன்பது செ.மீ., கான்கிரீட் ஆறு செ.மீ. வேண்டும். ஐந்து அங்குல வீட்டுத் தளம் அதைக் கால்வாசியாக்கும். மூன்றடி மண் ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். ஓட்டு வீட்டுக்காரர் பாடு கஷ்டம். உறைக்கிணறு மூடியிருந்தால் அந்தத் தண்ணீர் குடிக்கலாம், முதல் மழையைப் பிடித்துக் குடிக்கக் கூடாது. உலையிலிருந்து வரும் தூசிக்கு இந்த ஏழு-பத்து பொருந்தாது, அது மெதுவாகத்தான் குறையும்.

முப்பதாவது வருஷம் மிச்சம் இருப்பது சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90. இரண்டுக்கும் அரை ஆயுள் முப்பது வருஷத்தை ஒட்டி. அது சோற்றில் வரும், முகமூடி தடுக்காது.

அயோடின் மாத்திரைக் காட்சி வைக்கப்போகிறீர்கள் என்று தெரியும். பெரியவருக்கு 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு, தைராய்டை மட்டும் காக்கும், அவ்வளவுதான். அயோடின் உப்பைத் தின்று சமாளிப்பதாக எழுதாதீர்கள். கடை உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் என்று வைத்தால் ஒரு மாத்திரைக்கு ஆறு கிலோவுக்கு மேல் உப்பு தின்ன வேண்டும். 2011இல் சீனாவில் உப்பை அள்ளி வீட்டில் அடுக்கினார்கள்.

நங்கூரம் | 4 ஜூன், காலை 6.30

ஆறு கிலோ உப்பு தின்றவனுக்கு அப்புறம் கதிர்வீச்சு எதுக்கு மக்கா.

கதாநாயகி மணவாளக்குறிச்சி என்றால் அந்தக் கருவி போருக்கு முன்னாலேயே கத்தியிருக்குமே. கடற்கரைக் கருமணலில் மோனசைட் தாது, அதற்குள் கதிர்வீசும் தோரியம். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் கயிற்றோடு ஒட்டிப் போன மணலைப் பார்த்துத்தான் ஊரைக் கண்டுபிடித்தார்.

கதிர்மானி | 4 ஜூன், காலை 7.05

சரியான பிடி. அந்தக் கரையில் இயற்கை அளவே மற்ற ஊரைவிடப் பல மடங்கு. பழைய அளவைக் குறித்து வைக்காமல் கருவியை நீட்டினால் ஊரையே காலி பண்ணச் சொல்லும். நாவலில் இதை வைத்து ஒரு ஏமாற்று வேலை பண்ணலாம். உதயகிரிக் கும்பல் "இங்கே விஷம்" என்று ஊசியைக் காட்டிக் கரைக்காரர்களை விரட்டுகிறது. அவளிடம் மட்டும் பழைய நோட்டு, தெருத்தெருவாகப் பழைய அளவோடு. இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் மக்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியான ஆய்வு, புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை.

பனையடி | 4 ஜூன், மதியம் 1.20

நோட்டை எடுத்துக்கொள்கிறேன். குண்டு எங்கே விழும்? நாகர்கோவிலில் போட என்ன இருக்கிறது?

கதிர்மானி | 4 ஜூன், மதியம் 2.00

நாகர்கோவிலில் ஒன்றும் இல்லை. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் மிகத்தாழ் அலைவரிசை நிலையம் இருக்கிறது, நீர்மூழ்கிகளுக்குச் சேதி அனுப்புவது. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் என்ஜின் சோதனைத்தளம். எதிரியின் பட்டியலில் முதலில் வருவது இந்த மாதிரி இடம்தான். நாகர்கோவிலுக்கும் இவற்றுக்கும் நடுவில் மலை. நூறு கிலோடன் குண்டுக்கு ஏழெட்டு கி.மீ. தாண்டினால் கண்ணாடி உடைவதோடு சரி. உங்கள் ஊர்க்காரர்கள் வெளிச்சத்தைப் பார்ப்பார்கள், சத்தம் பிறகு வரும், வீடு நிற்கும்.

எந்த மாதம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஜூன், ஜூலை என்றால் மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கிழக்கே தள்ளும், தூசி மன்னார் வளைகுடாவுக்குப் போகும். டிசம்பர், ஜனவரி என்றால் வடகிழக்குக் காற்று, நேரே தோவாளை, நாகர்கோவில்.

முப்பந்தல் காற்று | 4 ஜூன், மாலை 4.45

இது தரையை ஒட்டிய காற்றின் கணக்கு மட்டும். தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் காற்று ஐந்தாறு கி.மீ. உயரம் வரைதான். அதற்கு மேலே திரும்பிவிடும், பதினாலு பதினைந்து கி.மீ.யில் கிழக்கிலிருந்து மேற்கே பலமான ஓட்டம். பெரிய குண்டின் காளான் மேகம் அந்த உயரத்துக்குப் போகும். அப்போது தலைப்பகுதி திருவனந்தபுரம் பக்கம், தண்டுப்பகுதி தூத்துக்குடி பக்கம். ஜூன் மாதம் தப்பித்தோம் என்று கன்னிப்பூ (முதல் போக நெல்) நாற்று நட்டவன் தலையில் மறுநாள் தூசி இறங்குவதாக எழுதலாம்.

கதிர்மானி | 4 ஜூன், மாலை 5.10

ஆமாம், அப்படித்தான் எழுத வேண்டும். ஒரு சேர்க்கை: ஆன்டெனா மாதிரி இலக்குக்கு உயரத்தில் வெடிக்க வைப்பார்கள். தீக்கோளம் தரையைத் தொடாவிட்டால் பக்கத்து ஊர்களில் தூசி மிகக் குறைவு. தரையில் வெடித்தால்தான் மண்ணை அள்ளிக்கொண்டு மேலே போகும். நாவலுக்கு எது வேண்டுமோ அதைப் போடுங்கள், ஆனால் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதன் விளைவை எழுதாதீர்கள்.

கும்பப்பூ | 5 ஜூன், காலை 5.50

எல்லாரும் குண்டையே பேசுகிறீர்கள். "மாவட்டம் பாலைவனம்" என்ற வரியை யாரும் தொடவில்லை. கதிர்வீச்சு பாலைவனம் ஆக்காது. செர்னோபிலைச் சுற்றிலும் இன்று காடு. குமரியைக் கொல்வது பசி. கணக்கு கீழே.

2011இல் மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர், சதுர கி.மீ.க்கு 1,111. ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்றால் வருஷத்துக்கு 146 கிலோ, மொத்தம் 2.7 லட்சம் டன். யூரியா இல்லை. கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகமும் சேர்த்து ஹெக்டேருக்கு நாலு டன் நெல் எடுத்தால் அதிர்ஷ்டம். அரிசியாக 2.6 டன். ஹெக்டேருக்குப் பதினெட்டுப் பேர். 18.7 லட்சம் பேருக்கு ஆயிரம் சதுர கி.மீ.க்கு மேல் வயல் வேண்டும். மாவட்டமே 1,684, அதில் 30 சதவீதத்துக்குக் கிட்ட காடு. வயலெல்லாம் தென்னந்தோப்பும் வாழையும் வீட்டுமனையும் ஆகிவிட்டது. இன்றைக்கே வெளியிலிருந்து லாரி வந்தால்தான் சோறு. லாரி நின்ற மூன்றாவது மாதத்தில் உங்கள் நாவல் ஆரம்பிக்கிறது.

வானிலையும் சேரும். இந்தியாவும் பாகிஸ்தானும் ஹிரோஷிமா அளவுக் குண்டு ஆளுக்கு ஐம்பது போட்டால், எரியும் நகரங்களின் கரி ஐந்து மில்லியன் டன் மேலே போய், உலகச் சராசரி ஒன்றேகால் டிகிரி குறையும் என்பது 2007இல் போட்ட கணக்கு. பல வருஷம் நீடிக்கும், பருவமழையும் சுருங்கும். இங்கே ஒன்றேகால் டிகிரியால் நெல் சாகாது, மழைதான் அடி. அமெரிக்காவும் ரஷ்யாவும் இறங்கினால் நிலைமை வேறு. கதிர் வெளிவரும் முன், பூட்டைப் பருவத்தில் ராக்குளிர் இருபது டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் மலடாகும். கதிர் வரும், எல்லாம் பதர்.

பனையடி | 5 ஜூன், இரவு 8.30

அப்படியானால் எதைத் தின்று முப்பது வருஷம் ஓட்டினார்கள்?

கும்பப்பூ | 6 ஜூன், காலை 6.05

மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. உரமில்லாமல் ஹெக்டேருக்குப் பதினைந்து டன் என்றால், தோல் போக, இருபத்தைந்து பேருக்கு வருஷ முழுக்க வயிறு நிறையும். ஒரு சாண் கம்பை ஊன்றினால் போதும், விதை தேட வேண்டாம், கால்வாய்த் தண்ணீர் வேண்டாம், எட்டுப் பத்து மாதம். பறிக்காமல் மண்ணுக்குள்ளேயே விட்டு வைக்கலாம். பறித்தால் இரண்டு மூன்று நாளில் நீலம் பாய்ந்து கெட்டுவிடும், அதனால் வாட்டுக்கப்பை: சீவி, அரை வேக்காடு வைத்து, தண்ணீரை வடித்து, வெயிலில் காய வைப்பது. கரி மூடிய வானத்தில் காயாது, பூசணம் பிடிக்கும். அப்போது ரப்பர் ஷீட் போடும் புகைக்கூடுதான் வழி. எழுத நல்ல இடம் அது.

இதில் ஒரு கண்ணி உண்டு. கசப்பு வகையில் சயனைடு அதிகம். சரியாக வடிக்காமல், கூட மீனும் பருப்பும் இல்லாமல் மாதக்கணக்கில் அதையே தின்றால் கால் இரண்டும் விறைத்துப்போகும். கோன்சோ என்பார்கள். 1981இல் மொசாம்பிக்கில் வறட்சியின்போது கூட்டம் கூட்டமாக வந்தது, திரும்பக் குணமாவதில்லை. கரையில் மீன் இருப்பதால் வராது. பேச்சிப்பாறை அணைக்கு மேலே, மீன் போகாத ஊர்களில் வரும்.

நங்கூரம் | 6 ஜூன், காலை 7.15

அப்போ கதை தெரிந்துவிட்டது. கருவாடு மேலே போகணும்.

படகு: வெளிப்பொருத்து என்ஜின் மண்ணெண்ணெயில் ஓடுவது, முதல் வருஷமே ஓய்ந்துவிடும். பாயும் துடுப்பும்தான். ஃபைபர் வள்ளம் முப்பது வருஷம் தாங்காது, ரெசின் இல்லாமல் ஓட்டை அடைக்க முடியாது. கட்டுமரம் என்றால் கயிறு அவிழ்த்து மறுபடி கட்டிக்கொள்ளலாம். நைலான் வலை கொஞ்ச காலம் வரும், பிறகு பருத்தி நூல், அதற்குச் சாயம் ஏற்றாவிட்டால் அழுகும்.

கருவாட்டுக்கு மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. உப்பு புத்தளம், தாமரைக்குளம் அளத்தில். வெயில் குறைந்தால் விளைச்சலும் குறையும். தண்ணீர் 25 டிகிரி போமேயில் (உப்புச் செறிவு அளவு) உப்பு பூக்கும், 29ஐத் தாண்ட விட்டால் கசப்பு உப்பும் சேர்ந்து இறங்கும், கருவாடு கைக்கும். மானி உடைந்த பிறகு கைப்பக்குவம் தெரிந்த ஆளுக்குத்தான் மவுசு.

கும்பப்பூ | 6 ஜூன், காலை 7.50

நங்கூரம் சொன்னதோடு வரைபடத்தைப் பாருங்கள். உப்பளம் இருப்பது அகஸ்தீஸ்வரம் தாலுகாவில். பேச்சிப்பாறைத் தண்ணீருக்குக் கடைமடையும் அதே தாலுகாதான். ஷட்டர் மேலே, உப்பு கீழே. உதயகிரி நடுவில். காற்றாலையை விடுங்கள், சண்டை இதுதான்.

அணையை விவரமாக எழுதுங்கள். பேச்சிப்பாறை 1906இல் முடிந்தது, 48 அடி. பெருஞ்சாணி 77 அடி. வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள், அடைத்த மாதங்களில்தான் கால்வாயில் தூர் வாருவது, உடைப்பை அடைப்பது. அந்த மராமத்து மூன்று வருஷம் நின்றால் ஷட்டரை முழுக்கத் திறந்தாலும் கடைமடைக்குச் சொட்டு வராது. ஆகாயத்தாமரை, மண்மேடு, நடுவில் கரையை வெட்டித் திருப்புகிறவன். ஆகவே வில்லன் ஷட்டரைப் பிடித்தால் மட்டும் போதாது, முப்பது கி.மீ. கால்வாய்க்கும் ஆள் போட வேண்டும். மாத்தூர் தொட்டிப்பாலம் 1966இல் கட்டியது, 115 அடி உயரம், 28 தூண். அதில் ஒரு இணைப்பு கசிய ஆரம்பித்தால் அதற்குக் கீழே பட்டணங்கால் கால்வாய் முழுக்கக் காயும். அடைக்க சிமென்ட் கிடைக்காது, சிப்பிச் சுண்ணாம்பும் மணலும்தான்.

ஷட்டர் திருகுத்தண்டில் கிரீஸ் தடவாமல் விட்டால் துரு பிடித்து நிற்கிற நிலையிலேயே இறுகிவிடும். திறந்தபடி இறுகினால் கோடையில் அணை காலி. மூடியபடி இறுகினால் மழையில் மிகுநீர் மறுகால் வழியே ஆற்றுக்குப் போகும், வயலுக்குப் போகாது. ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த மாதிரி துரு முழுசாக உட்கார்ந்துகொள்ளும்.

பனையடி | 6 ஜூன், இரவு 11.10

பாலைவனத்தை எடுத்துவிட்டேன். இப்போது கும்பல் இல்லை, "மராமத்துச் சபை". கால்வாய் வேலைக்கு ஆள் தராத ஊருக்குத் தண்ணீர் கிடையாது. கடைமடைக்காரர்கள் உப்பை நிறுத்துகிறார்கள். மலையில் கால் விறைத்த பிள்ளைகள். சபையின் முதல் தலைவர் நல்லவராகவே இருந்தாரோ என்று யோசிக்கிறேன். தூர் வார வைத்தவர், இல்லாவிட்டால் எல்லாரும் செத்திருப்பார்கள். முழு வில்லன் ஆக்கினால் பொய்யாகிவிடும்.

கரண்ட் முழுக்கவே கிடையாதா?

முப்பந்தல் காற்று | 7 ஜூன், காலை 9.30

கொஞ்சம் கிடைக்கும். கோதையாறு மின்நிலையங்கள் இரண்டும் சேர்ந்து 100 மெகாவாட், நீர் நிலையம் என்பதால் கிரிட் இல்லாமலும் எழுப்ப முடியும், நிலையத்து பேட்டரி உயிரோடு இருக்கும் வரை. முதல் சில வருஷம் ஓடுவதாக வைக்கலாம். பிறகு பேரிங் எண்ணெய், சீல், சுருள் இன்சுலேஷன் என்று ஒவ்வொன்றாகப் போகும்.

முப்பதாவது வருஷம்: கால்வாயில் ஒரு மீட்டர் விழும் இடம், நொடிக்கு நூறு லிட்டர், மரச்சக்கரம். கிடைப்பது ஐந்நூறு வாட். சக்கரம் நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து சுற்று, லாரி ஆல்டர்னேட்டருக்கு ஆயிரத்தைந்நூறு வேண்டும், ஆக நூறு மடங்கு. ஒரே பெல்ட்டில் வராது, மூன்று கட்டமாக ஏற்ற வேண்டும். பெல்ட் நழுவும், உள்ளூர் ரப்பரில் செய்தது இன்னும் நழுவும். தொடக்கத்தில் ஃபீல்டுக்கு (காந்தச் சுருளுக்கு) கொஞ்சம் பேட்டரி கரண்ட் வேண்டும், அது இல்லாவிட்டால் சும்மா சுற்றும். சோலார் பலகை முப்பது வருஷத்திலும் ஓரளவு தரும், போவது இன்வெர்ட்டரும் பேட்டரியும். பகலில் நேரே டிசி மோட்டாரில் போடலாம்.

டீசல் என்ஜினைத் தேங்காயெண்ணெயில் ஓட்டலாம். லிட்டருக்குப் பத்துத் தேங்காய். ஐந்து குதிரைத்திறன் பம்பு மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். ஒரு மணி நேரம் தண்ணீர் இறைக்க ஒரு டஜன் தேங்காய், தின்ன வேண்டியது. எண்ணெய் 24 டிகிரியில் உறையும், நீங்கள் வேறு குளிரைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். என்ஜின் சூட்டில் எண்ணெயைச் சூடாக்கி அனுப்பாவிட்டால் ஃபில்டர் அடைத்து, நாசில் கரி பிடித்து நின்றுவிடும்.

நங்கூரம் | 7 ஜூன், காலை 10.00

கருமணலில் தோரியம் இருக்கு, பெட்ரோமாக்ஸ் மேன்டில் செய்யலாமே. அந்தக் காலத்து மேன்டிலே தோரியம் ஆக்ஸைடுதான்.

கதிர்மானி | 7 ஜூன், காலை 10.20

மோனசைட்டை உடைக்கக் காரமும் அமிலமும் கொதிகலனும் வேண்டும். அதற்குப் பிறகு ஊற்ற மண்ணெண்ணெய் எங்கே?

வேறு விஷயம், சீசியம். பொட்டாசியம் குறைந்த மண்ணில்தான் செடி அதை அதிகம் இழுக்கும். ஃபுகுஷிமா வயல்களில் பொட்டாஷ் போட்டுத்தான் குறைத்தார்கள். இங்கே தேங்காய்த் தொண்டும் மட்டையும் பாளையும் எரித்த சாம்பலில் பொட்டாஷ் நிறைய. சபை சாம்பலை வரியாக வசூலிக்கலாம். மலையில் காளானும் காட்டுப்பன்றியும் தின்பதற்குத் தடை போடலாம், ஜெர்மனிக் காட்டுப்பன்றியில் செர்னோபில் சீசியம் பல பத்தாண்டு கழித்தும் இருந்தது.

கும்பப்பூ | 7 ஜூன், மதியம் 12.15

தடை போட்டால் கோன்சோ பிள்ளைகளுக்கு இருந்த ஒரே இறைச்சியும் போச்சு. கதிர்மானிக்கு இது தெரியாமலா சொன்னார். அந்த அத்தியாயத்தை அவசரப்படாமல் எழுதுங்கள்.

பனையடி | 8 ஜூன், இரவு 9.00

அந்தத் தடையை மீறுவதுதான் அவள் கதை என்று தோன்றுகிறது. கடைசிக் கேள்வி: அவள் கருவிக்கு முப்பது வருஷம் பேட்டரி ஏது?

கதிர்மானி | 8 ஜூன், இரவு 10.40

பேட்டரி இல்லாத ஒன்றைக் கையால் செய்யலாம். பால் டின், உள்ளே அலுமினியத் தாளில் இரண்டு இலை, மெல்லிய நைலான் தூண்டில் நரம்பில் தொங்க விட வேண்டும். மேலே கண்ணாடித் தாள், அளவுகோல். தேய்த்து மின்னேற்றினால் இலைகள் விலகி நிற்கும், கதிர் பட்டால் நெருங்கும், எத்தனை நிமிஷத்தில் எவ்வளவு நெருங்கியது என்பதுதான் அளவு. நம் ஊரில் கெடுப்பது ஈரக்காற்று, மின்னேற்றம் நிற்காது. டின் அடியில் நீற்றாத சிப்பிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். நீறிப்போனால் மறுபடி சுட்டுப் போட வேண்டும். நரம்பைக் கையால் தொட்டால் விரல் எண்ணெய் வழியாக மின்சாரம் கசியும், இரண்டு முனையையும் கவ்வியால் பிடித்துத்தான் கட்ட வேண்டும்.

ஆனால் இது முதல் இரண்டு வாரத்துப் பெரிய அளவுகளுக்குத்தான். முப்பதாவது வருஷம் காட்டுப்பன்றி இறைச்சியை முன்னால் வைத்தால் இலை அசையாது. அவள் அம்மா காலத்து அத்தியாயத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.